படிக்கப் பணம் உண்டு, பதிப்பிக்க?

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் முதலில் அதை அந்தமானிலிருந்து பார்க்க வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு மாணவிக்குச் சென்னையின் பெரிய நூலகங்கள் ஏறக்குறைய மூன்று நாள் கப்பல் தொலைவில் இருக்கின்றன. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளும் கடலடி இணைய வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று இயங்கத் தொடங்கும்வரை இங்கே இணையம் செயற்கைக்கோளை நம்பித் தள்ளாடியது. வடம் வந்த பிறகும், ஆய்விதழ்களின் கதவு சந்தா கட்டியவர்களுக்குத்தான் திறந்தது.

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து அந்தக் கதவைத் திறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடிப் பேர். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்ற இடத்தில் நாடு மொத்தமாகப் பேசியது. பணக்கார ஐ.ஐ.டி.க்கும் தீவின் கல்லூரிக்கும் ஒரே வாசிப்பு உரிமை என்பது சாதாரணச் சமத்துவம் இல்லை. இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இது வாடகை வீடு. ஒப்பந்தம் 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் விலையைப் பேசும்போது, பழகிவிட்ட 1.8 கோடி வாசகர்களைக் காட்டியே பதிப்பாளர் கூடுதலாகக் கேட்கலாம். அரசு நிறுவனத்தைச் சேராதவர்களுக்கு இந்த வாசலும் இல்லை. தனியார் கல்லூரி ஆசிரியருக்கு இல்லை, பத்திரிகையாளருக்கு இல்லை. 2004 சுனாமியில் உப்பேறிய நிலத்தை மீட்டெடுக்கப் பாடுபட்ட விவசாயிக்கும் இல்லை. அந்த நிலத்தைப் பற்றிய ஆய்வு அவர் வரிப்பணத்தில் நடந்திருந்தாலும்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இந்தப் பணம் பெரும்பாலும் வாசிப்பை வாங்குகிறது; இங்குள்ள பதிப்பை வளர்ப்பதில்லை. லம்பா லைனிலிருந்து சில கிலோமீட்டரில், காராச்சார்மாவில், மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே வேலை செய்வோர் உள்ளிட்ட இந்தத் தீவுகளின் அறிவியலாளர்களுக்கென்று 1985 முதல் ஓர் ஆய்விதழ் இருக்கிறது: அந்தமான் அறிவியல் சங்கத்தின் இதழ். இத்தீவுகளின் மண்ணையும் பயிரையும் கடலையும் பற்றி எழுதுகிறவருக்கு முதல் வாசகர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உட்கார்ந்திருக்கும் இதழாசிரியருக்கு அது ‘உள்ளூர் விஷயம்’. அவர் மறுத்துவிட்டால் அந்த அறிவு எங்கே பதிவாகும்?

இத்தகைய சங்க இதழ்கள் பெரும்பாலும் அறிவியலாளர்களின் ஓய்வு நேரத்தில்தான் ஓடுகின்றன. அச்சுச் செலவு குறைந்ததால் டிஜிட்டல் மலிவு என்று நினைத்துவிடுகிறோம். மதிப்பாய்வாளரைத் தேடுவதும், மொழியைச் செப்பனிடுவதும், கட்டுரைகளுக்கு நிலையான அடையாள எண் வாங்குவதும், சர்வரைப் புதுப்பிப்பதும், வேறிடத்தில் நகல் காப்பதும் ஆண்டுதோறும் வரும் வேலைகள். அதற்கு ஆளும் பணமும் இல்லாதபோது இதழ் சத்தமின்றி மறைகிறது. 2000 முதல் 2019 வரை உலகில் 170க்கும் மேற்பட்ட திறந்த அணுகல் ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே காணாமற்போனதை ஓர் ஆய்வு கணக்கிட்டது. கரையான் அரித்த அச்சிதழின் இன்னொரு பிரதி எங்காவது ஓர் அலமாரியில் கிடைக்கலாம். அணைந்துபோன சர்வருக்கு அந்த வாய்ப்பும் குறைவு.

வாசகரிடம் கட்டணம் வாங்காமல் எழுதுகிறவரிடம் வாங்குவது தீர்வு என்கிறார்கள். நேச்சர் இதழ் திறந்த வெளியீட்டுக்கு 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. தீவின் ஒரு கல்லூரி ஆசிரியர் அதைக் கட்ட முடியுமா? படிப்பதற்குத் தடையாக இருந்த சுவரை எழுதுவதற்கு முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறோம், அவ்வளவே. பிரேசில் 1998இல் வேறு வழி கண்டது. பொதுப்பணத்தில் ‘சியெலோ’ என்ற பொதுத் தளத்தைத் தொடங்கி, சொந்த நாட்டு இதழ்களை அதில் திறந்து வைத்தது. வாசகரும் பணம் கட்ட வேண்டாம், இதழும் தனியே சர்வர் தேடி அலைய வேண்டாம்.

நம்மூர் இதழ்கள் எல்லாம் தரமானவை என்று வாதிட மாட்டேன். தாமதமாக வருபவை உண்டு. மதிப்பாய்வைச் சடங்காக்கியவை உண்டு. காசு வாங்கி எதையும் போடுபவையும் உண்டு. 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு தரமான இதழ்களை அடையாளம் காட்டிய தன் ‘கேர்’ பட்டியலைக் கைவிட்டபின் நல்லதைப் பிரித்தறியும் பொறுப்பு நிறுவனங்களின் தலையில் விழுந்திருக்கிறது. தமிழாய்வு இதழ்களுக்கும் இதே நிலைதான். ஆகவே பணத்தோடு நிபந்தனைகளும் வேண்டும்: எல்லோருக்கும் திறந்த வாசிப்பு, வெளிப்படையான மதிப்பாய்வு விதிகள், இரண்டு இடங்களிலாவது காப்பு நகல்.

எவ்வளவு பணம்? சந்தாவுக்கு ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய். அதில் நூற்றில் ஒரு பங்கு 20 கோடி. இதழுக்குப் பத்து லட்சம் வீதம் கொடுத்தால் 200 இதழ்களுக்கு ஊதியம் பெறும் ஓர் உதவி ஆசிரியரும் நிலையான ஒரு சர்வரும் கிடைத்துவிடும். 2027 முடிவதற்குள் அரசு மறுபடியும் பதிப்பாளர்களோடு பேச உட்காரும். அப்போது தள்ளுபடியை மட்டும் கேட்காமல், இந்த ஒரு பங்கை உள்நாட்டு இதழ்களுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் பேரம் பேசட்டும்.