சுவாகிலிச் சொற்பொருளும் ஆங்கில வாயிலும்

ஒரு மொழியின் சொற்பொருளைப் பிறிதொரு மொழியின் வாயிலாக அறிதல் தவிர்க்கலாகாததே. ஆயினும் அவ்வாயிலின் அளவை அறியாது புகுவோர் இடர்ப்படுவர். கீழை ஆப்பிரிக்காவின் பொதுமொழியாகிய சுவாகிலியைத் தமிழுலகம் பெரும்பாலும் ஆங்கில அகராதிகள் வழியாகவே அறிந்துள்ளது. கிராப் பாதிரியாரின் அகராதி 1882-இலும், ஜான்சன் பெயரால் வழங்கும் அகராதி 1939-இலும் வெளிவந்தன. அவை ஆங்கிலம் வல்லார்க்கென எழுந்தவை. அவ்வகையில் அவற்றின் பணி பெரிது. ஆனால் அவற்றின் ஆங்கிலப் பொருளையே தமிழ்–ஆப்பிரிக்க ஒப்பாய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளுங்கால் இருவகைக் குற்றம் நேர்கின்றது. உள்ள ஒப்புமை மறைகின்றது. இல்லாத உறவு தோன்றுகின்றது. இவ்விரண்டையும் ஈண்டு முறையே ஆராய்வாம்.

முதற்கண் மறைவன. ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்னும் ஒரு சொல்லின்கீழ்ச் சுவாகிலிச் சொற்கள் மூன்று அடங்குகின்றன. வயலில் விளைவது ம்புங்கா. உமி நீக்கியது ம்செலே. உலையிலிட்டு வடித்தது வாலி. தமிழர்க்கு இவற்றை விளக்க உரை வேண்டுவதில்லை. நெல், அரிசி, சோறு என மூன்று சொற்கள் போதும். தென்னையும் அத்தகையதே. குரும்பையைக் கிடாக்கா என்றும், இளநீரை டாஃபு என்றும், முற்றிய தேங்காயை நாசி என்றும், தேங்காய்ப்பாலைத் தூயி என்றும் சுவாகிலியார் பகுத்து வழங்குவர். ஆங்கில அகராதியோ தேங்காய் என்னும் ஒரு சொல்லுக்கு அடைமேல் அடை சேர்த்து இடர்ப்படுகின்றது.

முறைப்பெயர்களில் இவ்விழப்பு இன்னும் மிகுதி. தந்தையின் தமையன் பாபா ம்குப்வா. தந்தையின் தம்பி பாபா ம்டோகோ. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் இவை பெரிய தந்தை, சிறிய தந்தை எனவே நிற்கும். நம் பெரியப்பாவும் சித்தப்பாவும் அவரே அல்லரோ? தாயுடன் பிறந்தான் ம்ஜோம்பா. தந்தையுடன் பிறந்தாள் ஷாங்காசி. தாய்மாமனும் அத்தையும் ஆகிய இவ்விருவரும் ஆங்கிலத்துள் புகுந்தவுடன் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்னும் பொதுப்பெயர்களுள் கரைந்துவிடுகின்றனர். இப்பகுப்பொற்றுமை மொழிக்குடும்ப உறவைக் காட்டுவதன்று. இத்தகைய முறைப்பெயர்ப் பகுப்பு உலகின் பல இனத்தாரிடத்தும் உண்டு. வாழ்வியல் ஒப்புமைக்கு இது சான்றாகும், அவ்வளவே. அச்சான்றும் ஆங்கில வாயிலில் நுழையுங்கால் காணாமற் போகின்றது என்பதே நம் குறை.

இனி, இல்லாத உறவு தோன்றுமாறு காண்பாம். தாளுக்குச் சுவாகிலியில் கரத்தாசி, ஈழத்தமிழில் கடதாசி. மேசைக்கு மேசா, அன்னாசிக்கு நானாசி, வக்கீலுக்கு வக்கீலி. ஆங்கிலத் தலைச்சொல்லின்கீழ் இவற்றை அருகருகே எழுதுவோன் இருமொழியும் ஒருதாய் மக்கள் என மயங்கக்கூடும். உண்மையில் மேசையும் அன்னாசியும் போர்த்துக்கீசியர் இரு கரைகளிலும் இறக்கிய சரக்கு. வக்கீலும் கரத்தாசியும் அரபுமொழி தந்தவை. நம் கடதாசி அவ்வரபுச் சொல்லின் போர்த்துக்கீசிய வடிவத்தின் வழி வந்ததென்பர். இவை இந்துமாக்கடல் வாணிகத்தின் வரலாற்றைக் கூறுமேயன்றி மொழிப்பிறப்பைக் கூறா.

முன்னொட்டு அறியாமையும் பிழைக்கு இடமாகும். மரத்தைச் சுவாகிலி ம்தி என்னும். மகரம் கண்டு அதனை மரம் என்பதனோடு ஒப்பிட முனைவார்க்கு அதன் பன்மை மிதி என்பது தெரிதல் வேண்டும். அடிச்சொல் 'தி' மட்டுமே. மகரம் வகுப்புக் குறி. பெயர்களை வகுப்புகளாகப் பகுக்கும் இவ்வியல்பை நம் திணைப் பாகுபாட்டோடு ஒப்பிடலாம், ஒன்றெனக் கொள்ளலாகாது. தொல்காப்பியர் மக்களையே உயர்திணை என்றார். சுவாகிலியிலோ விலங்கின் பெயரும் மக்கட்பெயர்க்குரிய இயைபையே பெறுகின்றது.

சொல்லின் பொருள் வேறு, வரலாறு வேறு என்பதற்கு நாம் இருந்தெழுதும் நந்தனமே சான்று. அகராதி நோக்குவார்க்கு நந்தனம் இந்திரனின் பூங்கா. சென்னையின் இப்பகுதியோ, இராசாசி முதலமைச்சராக இருந்தபொழுது, நந்தன ஆண்டின் (1952–53) நினைவாகப் பெயர் பெற்றது. பொருளை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோன் ஈண்டொரு பூங்காவைத் தேடி அலைவான்.

இவ்வெச்சரிக்கை வீணன்று. செனகல் நாட்டுத் தலைவர் செங்கோரின் ஆர்வத்தால் 1970-களில் தக்கார் பல்கலைக்கழகத்தில் திராவிட–ஆப்பிரிக்க ஒப்பாய்வு இடம்பெற்றது. தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்குப் பணியாற்றினார். அம்முயற்சியின் வேட்கை போற்றத்தக்கது. ஆயினும் மேலை ஆப்பிரிக்க மொழிகளைப் பற்றிய கருத்தைப் பாந்து இனத்துச் சுவாகிலிக்கு ஆராயாது ஏற்றுதல் தகாது. திராவிட மொழிகளுக்குள்ளேயே பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட வேர்ச்சொல்லகராதி ஒழுங்கான ஒலித்தொடர்பைத் துணைக்கொண்டே சொற்களைத் தொகுத்தது. உடன்பிறந்த மொழிகட்கே அக்கட்டுப்பாடு வேண்டுமெனின், கடல்கடந்த மொழிக்கு அதனினும் மிகுதியன்றோ வேண்டும்? வலியற்ற சான்றால் நாட்டப்படும் பெருமை, முதல் மறுப்பிலேயே சரிந்து, வலிய சான்றுகளையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

ஆகவே வேண்டுவது நேரிய சுவாகிலி–தமிழ் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்தமை நமக்கு வழிகாட்டும். சுவாகிலியார் தம் மொழியிலேயே பொருள் கூறி 1981-இல் வெளியிட்ட அகராதி மூலமாக அமையலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் வகுப்பு, பன்மை, வந்த வழி, நேரிய தமிழ்ச்சொல் ஆகிய நான்கும் குறித்தல் வேண்டும். ஆங்கிலப் பொருள் ஐந்தாவதாக நிற்கட்டும். நெல்லையும் அரிசியையும் சோற்றையும் வேறுவேறாக அறிந்த இரு மக்கள், அவை மூன்றையும் ஒன்றென்னும் மொழியை நடுவே நிறுத்தித்தான் உரையாடவேண்டும் என்னும் நிலை இனியேனும் ஒழிக. முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின் ஒப்பாய்வு உறுதியான நிலத்தில் நிற்கும்.