மெழுகு மனிதர்களின் மண்டபம்

கொழும்பு புறக்கோட்டைப் பழைய நகர மண்டபத்தின் மேல்மாடியில் மாநகர சபைக் கூட்டம் இன்னும் முடியவில்லை. மெழுகில் செய்த உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். 1873இல் கட்டிய மண்டபம். 1928இல் சபை கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. 1984இல் இதை நூதனசாலை ஆக்கினார்கள். வெளியே நாட்டாமைகள் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு கைவண்டி தள்ளுகிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்றியாயிற்று, சரி. அதற்குள் போக இந்தத் தெருக்காரருக்கு என்ன காரணம் மிச்சம்?

கோட்டைப் பக்கம் வேறு வழி பிடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் வைத்தியசாலையைப் புதுக்கி, 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். தடித்த சுவர், கனத்த உத்தரம், ஓட்டுக்கூரை, நடுவில் இரண்டு முற்றம். மாலையில் அங்கே உட்கார்ந்தால் மனசு குளிர்வது உண்மை. வாடகை வருகிறது, அதனால் கூரை ஒழுகாது. அரச பணத்தை மட்டும் நம்பியிருக்கும் பழங்கட்டடம் எதற்கும் இந்த உறுதி இல்லை. ஆனால் அந்த வாடகையைக் கொடுக்கக்கூடியவர்தான் அங்கே கடை வைக்கலாம். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை இறக்குகிறவர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்து போய்விடலாம். விலைப்பட்டியலைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவார்.

இன்னொரு குறையும் உண்டு. அந்த வைத்தியசாலை பொலிஸ் நிலையமாகவும் இருந்த கட்டடம். 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்த கட்டடம். புதுக்கியபோது ஒல்லாந்தர் காலத்தை மினுக்கினார்கள். நம் காலத்துக் காயத்தைப் பூசி மறைத்தார்கள். பழமை என்றால் அழகானது மட்டுந்தான் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு வாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டார் பள்ளி 1908இல் தொடங்கி அடுத்த வருடமே கட்டி முடித்தது. வரைந்தவர் சாய்பு லெப்பை. இதை யாரும் 'மீட்கவில்லை', ஏனென்றால் யாரும் கைவிடவில்லை. ஐந்து வேளையும் ஆள் வருகிற இடத்தில் உடைந்த சன்னல் ஒரு வாரம் தாங்காது. தொழுகைக்கு இடம் போதாமல் பக்கத்துக் காணியிலும் கட்டிப் பெருப்பித்தார்கள். தூய்மை பேசும் தொல்லியலாளர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

சிக்கல், பெயரில்லாத கடை வீடுகளில்தான். பழைய வாடகைக்கு இருப்பவரை எழுப்ப முடியாத உரிமையாளர் ஓடு மாற்றமாட்டார்; எப்போது எழும்பச் சொல்வார்களோ என்று இருக்கும் வாடகைக்காரரும் மாற்றமாட்டார். பீலி அடைத்து, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து, வேர் செங்கல்லைப் பிளக்கும். பிறகு முகப்பை அலுமினியத் தகட்டால் மூடிப் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். பழுதுபார்த்தாலும் வினைதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கபுக் சுவருக்கு மேசன் பாஸ் சீமெந்து பூசுவார். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகிச் சுவரைத் தின்னும். இரண்டு மாரி போக, பூச்சு பாளம் பாளமாக விழும்.

கோட்டை வைத்தியத்தை இங்கே செய்யலாமா என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. கபோஸ் லேனில் மருந்துச் சரக்கு வாசனை போய்க் காப்பி வாசனை வந்தால், சுவர் இருக்கும், புறக்கோட்டை இருக்காது. அதற்காக எதையும் தொடாமல் விடுங்கள் என்று சொல்லவில்லை. பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ வசித்த வீடு தபால் நிலையமாக இருந்து பாழாகி, இடிக்கும் நிலைக்கு வந்தது. 1977இல் அதை நூதனசாலையாக்கப் பழுதுபார்க்கத் தொடங்கியிருக்காவிட்டால் இன்று அங்கே ஒரு கொங்கிறீட் பெட்டி நின்றிருக்கும். நூதனசாலை என்பது கடைசி வைத்தியம். அந்த வீட்டுக்கு அது தேவைப்பட்டது.

கடை வீட்டுக்குத் தேவையானது அவ்வளவு பெரிதல்ல. சோலைவரியில் ஒரு கழிவு, சுண்ணாம்பு வேலை தெரிந்த இரண்டு பாஸ்மார், மாரிக்கு முன் பீலியைத் துப்புரவாக்க ஓர் ஏணி. ரிப்பன் வெட்ட அதில் ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் வருவதில்லை.