முகாம் முடிந்து ஓராண்டு கழித்து

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் முடிந்ததும் எழுதப்படும் அறிக்கை எப்படி இருக்கும் என்பது முகாம் நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். எத்தனை மாணவர், எத்தனை மரக்கன்று, எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை, கடைசியில் நிறைவு விழாப் படங்கள். 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. ஒவ்வொரு தொண்டரும் இரண்டாண்டில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும்; சிறப்பு முகாமுக்காக ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கவும் வேண்டும். இத்தனை உழைப்பால் ஊரில் என்ன மாறியது என்று கேட்க மட்டும் அறிக்கையில் இடமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழி உண்டு. அமெரிக்க வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் வளர்த்தெடுத்த 'அலைவிளைவு வரைபடம்' என்ற முறை அது. மினசோட்டா பல்கலைக்கழகம் 2017-இல் இதற்கு ஒரு கைநூலே வெளியிட்டது. திட்டத்தில் ஈடுபட்டவர்களும் ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, முதலில் இருவர் இருவராகப் பேசுகிறார்கள். பிறகு சுவரில் ஒட்டிய பெரிய தாளில், செய்த வேலையை நடுவில் எழுதி, அதனால் நடந்ததையும், அதைத் தொடர்ந்து நடந்ததையும் கோடு கோடாக இழுக்கிறார்கள். தெருவில் கோலமாவால் ஊர்ப் படம் வரையும் பங்கேற்பு மதிப்பீட்டு முறையைப் பார்த்த நம் மாணவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இதன் வலிமையை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ராமநாதபுரத்துக் கண்மாய் ஒன்றில் மாணவர்கள் சீமைக் கருவேலத்தை அகற்றியதாக வைத்துக்கொள்வோம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட பிறகு இத்தகைய வேலை பல ஊர்களில் நடந்தது. அறிக்கை மரங்களை எண்ணும். வரைபடமோ வரத்துக்கால் திறந்ததா, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கிறதா, கண்மாய்க்காக இளைஞர்கள் தாமாகக் கூடினார்களா என்று அடுத்தடுத்துப் போகும். யாரும் திட்டமிடாத இந்தக் கடைசி வகை விளைவுதான் பெரும்பாலும் அதிக நாள் நிற்கிறது. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. இதை வெளியே கொண்டுவருவதால் இந்த முறையை நான் மதிக்கிறேன்.

ஆனால் பேச்சைத் தொடங்கும் கேள்வியிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. 'எதில் உங்களுக்குப் பெருமை?' என்று கேட்டால் பெருமைதான் வரும். அதே கண்மாய்க்கரையில் கருவேலத்தை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் இருப்பார்கள். விறகு பொறுக்கிய பெண்களும், அதன் நெற்றைத் தின்று வளர்ந்த ஆடுகளை வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நடக்கும் கூட்டத்துக்கு இவர்கள் வருவதில்லை. வந்தாலும் ஊராட்சித் தலைவரின் எதிரில் வாய் திறப்பதில்லை. அப்படி வரைந்த படம் கூட்டத்துக்கு வந்தவர்களின் ஊரைத்தான் காட்டுகிறது. மாணவர்களுக்கு வழிகாட்டும் திட்ட அலுவலரின் முதல் வேலை தாள் விரிப்பதல்ல. கரிமூட்டத்துக்கே மாணவர்களை அழைத்துப் போய், 'இதனால் உங்களுக்கு என்ன போச்சு?' என்று கேட்கப் பழக்குவதுதான்.

இன்னொரு சிக்கல் கோடுகளில் இருக்கிறது. மறு வருடம் கண்மாய் நிரம்பினால் அது மாணவர்கள் செய்ததா, நல்ல மழையா, குடிமராமத்தில் தூர் வாரியதா, நூறு நாள் வேலையா? தாளில் ஒரு கோடு இழுப்பது எளிது. அந்தக் கோடு காரணத்தை நிறுவிவிடாது. ஒவ்வொரு கோட்டின் மேலும் வேறு என்னவெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று எழுத வைத்தால் படம் அழகு கெடும், நம்பகம் கூடும்.

எல்லாவற்றையும்விடக் காலத்தைத் தவறாகத் தேர்வதே பெரிய குறை. ஏழாம் நாள் மாலை வரையும் படத்தில் விளைவு எதுவும் இருக்க முடியாது, எதிர்பார்ப்புதான் இருக்கும். வேரோடு எடுக்காமல் வெட்டிய கருவேலம் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அது தெரியக் கொஞ்ச காலம் ஆகும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்குக் கோப்பு சேர்க்கும் கல்லூரிகள் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை. விரிவாக்கப் பணியை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும்போது, துளிர்த்த தூரைப் படம் பிடிக்க யாருக்கு மனம் வரும்?

இருந்தாலும் தீர்வு திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தொண்டருக்குக் காலம் இரண்டாண்டு. முகாமுக்காகத் தத்தெடுத்த கிராமத்தையும் கல்லூரி உடனே மாற்றுவதில்லை. முதலாண்டு முகாமில் இருந்தவர்களையே, இரண்டாமாண்டின் வழக்கமான 120 மணி நேரத்தில் சில நாள் ஒதுக்கி அதே ஊருக்கு அனுப்பலாம். வரைந்த படத்தைக் கல்லூரிக் கோப்பில் சேர்ப்பதற்கு முன் அக்டோபர் 2 கிராம சபையில் விரித்து வைக்கலாம். தவறான கோட்டை அடிக்கவும் விடுபட்டதைச் சேர்க்கவும் பேனாவை ஊர்க்காரர்கள் கையில் கொடுக்க வேண்டும். அடித்தல் திருத்தலோடு அந்தத் தாளையே அறிக்கையாக ஏற்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.