பட்டம் விட்ட குடும்பம்

'ஃப்ரீ டிசைன்' என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பரவாயில்லை. 1967-லிருந்து 1972-க்குள் ஏழு எல்.பி. போட்டும் அவர்களைச் சொந்த ஊரிலேயே யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 'கைட்ஸ் ஆர் ஃபன்', பில்போர்டின் 'ஈஸி லிஸனிங்' பட்டியலில் 33-ம் இடம் வரை போனது. கிட்டத்தட்ட அதோடு சரி.

இந்த ரகத்துக்கு 'சன்ஷைன் பாப்' என்று பெயர். தித்திக்கும் கூட்டுக்குரல், பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா, வெயில், பூ, காதல், கவலையில்லாத வரிகள். பெயர், பழைய ரெக்கார்டு சேகரிக்கிறவர்கள் பிற்பாடு வைத்தது. இது பெரும்பாலும் கலிஃபோர்னியா சரக்கு. ஃப்ரீ டிசைன் நியூயார்க். அண்ணன், தம்பி, தங்கை என்று எல்லாரும் டெட்ரிக் குடும்பம். அப்பா டிராம்போன் கலைஞர், வாத்தியார். சித்தப்பா ஜாஸ் ட்ரம்பெட்காரர். சாப்பாட்டு மேஜையில் சங்கதி பிரித்துப் பேசுகிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ், புரூஸ், சாண்டி மூன்று பேராக ஆரம்பித்தார்கள். பிறகு எலன் வந்தார், அப்புறம் ஸ்டெஃபனி. பெரும்பாலான பாட்டுகளை எழுதி, குரல்களையும் வாத்தியங்களையும் பின்னியவர் கிறிஸ். முதல் ரெக்கார்டு வந்தபோது அவருக்கு இருபது வயசு. நம்ப முடியவில்லை.

'கைட்ஸ் ஆர் ஃபன்' பாட்டில் விஷயம் என்ன? பட்டம் விடுவது ஜாலி. அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல்களைக் கவனியுங்கள். ஒன்றையொன்று உரசிக்கொண்டு நெருக்கமாகப் போகும் ஜாஸ் ஹார்மனி. ஒரே ரத்தம் என்பதால் உச்சரிப்பும் மூச்சும் ஒன்றாகவே வருகின்றன. எங்கே ஒரு குரல் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று ஊசி நுழைய இடம் தேடினாலும் கிடைக்காது. வரிகள் குழந்தைக்கு, சங்கீதம் சங்கீதக்காரனுக்கு. வரியை மட்டும் படித்துவிட்டு 'வெறும் சர்க்கரை' என்று ஒதுக்குகிறவர்களுடன் எனக்கு இதில்தான் சண்டை.

அப்படியானால் ஏன் ஓடவில்லை? வழக்கமாகச் சொல்லும் காரணம், கம்பெனி. ப்ராஜக்ட் 3 என்ற லேபிளை நடத்தியவர் ஈனக் லைட். 1959-ல் 'பர்சுவேஸிவ் பெர்கஷன்' என்று ஒரு ரெக்கார்டு போட்டு, இடது ஸ்பீக்கரில் ஒரு தட்டு, வலதில் ஒரு தட்டு என்று ஸ்டீரியோ வாங்கின அப்பாக்களை அசத்தியவர். (இரண்டாக மடித்துத் திறக்கிற ரெக்கார்டு உறையைப் பிரபலமாக்கியவரும் அவர்தான். ஒலிப்பதிவு விவரத்தை எழுத ஒற்றை அட்டையில் இடம் போதவில்லை!) அவருடைய வாடிக்கையாளர்கள் ஹைஃபை கனவான்கள். மகன்களும் மகள்களும் கேட்ட ரேடியோ வேறு. ஆக, அருமையான ஒலிப்பதிவு, தேர்ந்த ஸ்டூடியோ வித்வான்கள், எல்லாம் தப்பான அலமாரியில்.

நிஜம்தான். ஆனால் பாதி நிஜம். மீதி, பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஃப்ரீ டிசைனில் முன்னால் வந்து நிற்க ஆள் இல்லை. எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள், அழகாக, ஒழுங்காக. ஒருத்தராவது குரல் உடைந்து, சுருதியை விட்டாலும் பரவாயில்லை என்று கத்த மாட்டாரா என்று மூன்றாவது ஆல்பத்தில் ஏக்கமாக இருக்கிறது. அது வந்த 1969-ல்தான் உட்ஸ்டாக் நடந்தது. தலைமுறையே தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்த சமயம். இவர்கள் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்கள். போதாதற்கு, ஆல்பத்துக்கு ஆல்பம் அடுத்தவர் ஹிட்டுகள். 'எலியனார் ரிக்பி'யின் தனிமைக்கு எதற்கய்யா இத்தனை குரல்?

அவர்களுக்கே இது தெரிந்திருந்தது என்பதுதான் என்னைத் தொடுகிறது. அதே மூன்றாவது ஆல்பமான 'ஹெவன்/எர்த்'தில் '2002 – எ ஹிட் சாங்' என்று ஒரு பாட்டு. ஒரு பாட்டு ஹிட்டாக என்னென்ன சேர்க்க வேண்டும் என்று சமையல் குறிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் போன முறையும் இதைத்தானே செய்தோம், பலிக்கவில்லையே என்று போட்டு உடைக்கிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டே, சுருதி பிசகாமல்! தோல்வியைக்கூட இத்தனை நேர்த்தியாகப் பாடினால் யார் நம்புவார்கள்?

1972-ல் முடிந்தது. கிறிஸ் கனடா போய் சினிமாவுக்கும் டி.வி.க்கும் இசையமைத்தார். ஜெமினி விருதுகள் வாங்கினார் (அது கனடா டி.வி. விருது, நம்ம ஜெமினி இல்லை). 2003-ல் கை மேடின் எடுத்த ஒரு படத்துக்கு அவர் இசை. படத்தின் பெயர் 'தி சேடஸ்ட் மியூசிக் இன் தி வேர்ல்ட்', உலகத்திலேயே சோகமான இசை. பட்டம் விட்டவருக்கு வந்த வேலையைப் பாருங்கள்.

இதற்குள் அடுத்த தலைமுறை பழைய ரெக்கார்டுகளைத் தோண்ட ஆரம்பித்திருந்தது. 1990-களில் ஜப்பானில் கொர்னீலியஸ் தன் லேபிளில் மறுபடி வெளியிட்டார். 1999-ல் 'ஸ்டீரியோலேப்' குழு 'தி ஃப்ரீ டிசைன்' என்றே ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தது. 2001-ல் குடும்பம் மறுபடி கூடி 'காஸ்மிக் பீக்கபூ' என்று ஒரு ஆல்பம் போட்டது. 2005-ல் ஹிப்-ஹாப் ஆசாமிகள் பழைய பாட்டுகளை வெட்டி ஒட்டி ரீமிக்ஸ் செய்தார்கள். கிறிஸ் 2010-ல் கேன்சரில் இறந்துபோனார்.

கேட்பதானால் ஏழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்காதீர்கள், திகட்டிவிடும். 'கைட்ஸ் ஆர் ஃபன்', '2002', பிறகு 1970-ல் வந்த 'பபிள்ஸ்'. இந்தக் கடைசிப் பாட்டில் தாளம் லேசாகக் குலுங்கும், இஸ்திரி கொஞ்சம் கலையும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஈனக் லைட் இடதிலும் வலதிலும் பிரித்து வைத்த குரல்களில் எது அண்ணன், எது தங்கை என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.