ஒன்றாம் நம்பர் ஆசாமி

லினக்ஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கெர்னல் கண் விழித்து, முதலில் ஒரே ஒரு புரோகிராமைக் கிளப்பிவிடும். அதன் நம்பர் ஒன்று. நாம் ஓட்டுகிற மற்றதெல்லாம் அதன் பிள்ளை, பேரன்கள். நெட்வொர்க், பிரின்டர், கடிகாரம் என்று திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் உழைக்கும் புரோகிராம்களுக்கு டீமன் என்று பெயர். (பேய் என்று மிரள வேண்டாம். கிரேக்கத்துக் குட்டி தெய்வம்.) பெற்ற புரோகிராம் செத்துப்போனால் அநாதைகளைத் தத்தெடுப்பதும் ஒன்றாம் நம்பர்தான்.

ரொம்ப வருஷம் இந்த வேலையில் இருந்தவர் 'இனிட்' என்ற பழைய ஆசாமி. நம்பர் போட்ட ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டுவார். சாம்பார் போய் முடிந்தால்தான் ரசம். கிளப்பிவிட்ட டீமன் நடுராத்திரி செத்தால் பெரும்பாலும் அவருக்குத் தெரியாது.

2010 ஏப்ரலில் ரெட் ஹாட் கம்பெனியின் லெனார்ட் பொட்டரிங் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, 'சிஸ்டம்டி' என்ற மாற்று ஆளை அறிமுகப்படுத்தினார். மூல யோசனை ஆப்பிள் 2005-ல் கொண்டுவந்த 'லாஞ்ச்டி'யில் இருந்தது. அதை அவரே சொல்லியிருந்தார். குடிவருவதற்கு முன்பே வாசலில் தபால்பெட்டி மாட்டுவது போன்ற யோசனை. எல்லா டீமன்களின் பெட்டியையும் முதலிலேயே மாட்டிவிட்டால், எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பலாம். ஒருவர் எழ லேட்டானாலும் கடிதம் பெட்டியில் காத்திருக்கும். கூடவே ஒவ்வொரு டீமனையும் அதன் வாரிசுகளோடு ஒரு வேலிக்குள் அடைத்து வைத்ததால், யார் செத்தார், யார் தப்பித்தார் என்று துல்லியமாகத் தெரிந்தது. செத்தவரைத் திரும்ப எழுப்பவும் முடிந்தது. இதுவரை நூற்றுக்கு நூறு போடலாம். ஃபெடோரா 2011-லும், டெபியனும் உபுண்டுவும் 2015-லும் மாறின. பிடிக்காதவர்கள் டெபியனில் இருந்து பிரிந்து 'டெவ்வான்' என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

கோபித்தவர்களை எல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. என்னைப் போன்ற பி.காம். ஆட்களுக்கு ஜர்னல் என்றால் முதல் பதிவுப் புத்தகம். யார் பிரித்தாலும் படிக்க வரவேண்டும். பழைய லாகை எந்த எடிட்டரிலும் திறக்கலாம். சிஸ்டம்டியின் ஜர்னலுக்கு அதற்கென்றே ஒரு கருவி தேவை. தேடுவது சுலபம்தான், ஒப்புக்கொள்கிறேன். மெஷின் படுத்துவிட்ட நாளில் அது எவ்வளவு ஆறுதல் என்பது வேறு விஷயம்.

என் பெரிய புகார் 2016 மே மாதத்து 230-வது பதிப்பு. ராத்திரி முழுக்க ஓடவேண்டிய கணக்கை ஆரம்பித்துவிட்டு, லாக்-அவுட் செய்து வீட்டுக்குப் போவது யூனிக்ஸில் காலங்காலமான பழக்கம். 'நோஹப்', 'ஸ்க்ரீன்', 'டிமக்ஸ்' எல்லாம் அதற்காகவே பிறந்தவை. நான் போனாலும் நீ ஓடு என்று அர்த்தம். 230-ல் டிஃபால்ட்டை மாற்றினார்கள். பயனர் வெளியேறினால் அவர் விட்டுப்போனதை எல்லாம் தீர்த்துக்கட்டு! லாக்-அவுட்டுக்குப் பிறகும் குப்பை புரோகிராம்கள் தங்கிவிடுகின்றன என்பது நிஜமான தொல்லைதான். அதற்காகக் குப்பையையும் காலையில் வேண்டிய ரிசல்ட்டையும் ஒரே துடைப்பத்தால் பெருக்குவதா? டிமக்ஸ்காரர்களிடம், நீங்கள் உங்கள் புரோகிராமை மாற்றிக்கொள்ளுங்களேன் என்று கோரிக்கை வேறு போனது. வேலி போடத் தெரிந்த வாட்ச்மேன், வீட்டுக்காரரிடம் பாஸ் கேட்ட கதை. டெபியன் அந்த டிஃபால்ட்டை அணைத்துவிட்டது.

எல்லோரும் ஒருவரையே சார்ந்திருப்பதில் இன்னொரு வில்லங்கம் 2024 மார்ச்சில் தெரிந்தது. தூரத்துக் கம்ப்யூட்டரில் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச்-சுக்கு சிஸ்டம்டி அவசியமே இல்லை. சில லினக்ஸ் வகைகள் 'நான் ரெடி' என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக அதன் லைப்ரரியை ஒட்டவைத்தன. அந்த லைப்ரரி, 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் லைப்ரரியையும் கையோடு அழைத்து வந்தது. அதற்குள் யாரோ திருட்டுச் சாவி வைத்திருந்தார்கள். லாக்-இன் அரை செகண்ட் லேட்டாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர் நோண்டிப் பார்த்ததால் மாட்டியது. வைத்தது சிஸ்டம்டி இல்லை. வழி மட்டும் அதன் வீட்டுக் கொல்லைப்புறம்.

'நான் ரெடி' என்று சொல்ல ஒரு சின்ன செய்தி போதும். லைப்ரரியே வேண்டாம். 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்எச்-காரர்கள் அதைத் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.