எட்ட நின்று பார்ப்பவர்கள்

சென்ற கோடை விடுமுறைக்கு என் பேத்தி டி. கல்லுப்பட்டிக்கு வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். மத்தியான வெயிலில் நான் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து ஏதோ ஒரு பழைய நாவலைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அவள் எதிரே உட்கார்ந்து கணினியில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், “தாத்தா, இதுல ஒரு சட்டம் வருது. அது சரியா தப்பான்னு நீங்க சொல்லணும்” என்றாள். ஒரு விமர்சகனிடம் தீர்ப்புக் கேட்டால் அவன் மறுப்பானா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விண்வெளிக் கதை என்றால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் அலட்சியம் உண்டு. விசித்திர உடைகளும் வெடிச் சத்தமும் குழந்தைகளுக்கு ஆனவை என்று நினைத்திருந்தேன். பத்து நாள் பார்த்த பிறகு அந்த அலட்சியத்தை ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தொடர் 1966-ல் தொடங்கியது. பல கிரகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. பூமியும் அதில் ஓர் உறுப்பு. கூரிய காதும் கலங்காத அறிவும் கொண்ட வல்கன் இனத்தாரும் உறுப்பினர்கள். எங்கள் வட்டாரத்தில் ஏழு ஊர்கள் சேர்ந்து முத்தாலம்மனுக்குச் சப்பரம் எடுப்பார்கள். அதை வானம் வரை விரித்துப் பார்த்தால் இந்தக் கூட்டமைப்பு ஒருவாறு விளங்கிவிடும். அதற்கு ஒரு தலையாய விதி உண்டு. தம்மளவுக்கு வளராத ஒரு கிரகத்துக்குப் போனால், அங்கே வாழ்கிறவர்களுடைய காரியங்களில் தலையிடக் கூடாது. தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. அறிவிலும் ஆயுதத்திலும் எவ்வளவு உயர்ந்த இனமானாலும் இதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

இந்த விதியைக் கற்பனை செய்தவர்களை நான் பாராட்டுகிறேன். கப்பலில் வந்தவன் கரையில் நின்றவனைத் திருத்துவதையே வீரமாகச் சொன்ன மேல்நாட்டுக் கதைகள் ஒன்றா இரண்டா? அந்த வழக்கத்தை இந்தத் தொடர் தலைகீழாகத் திருப்பியது. வல்லவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இங்கே வீரம். ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்று 1954-ல் நம் நாடும் சீனாவும் பஞ்சசீலத்தில் எழுதிக்கொண்டதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அது ஏறக்குறைய சமமானவர்களுக்கு இடையே ஏற்பட்ட உடன்பாடு. கதையில் வருவதோ, வல்லவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விலங்கு. அதனால்தான் அதில் நாடகம் இருக்கிறது.

சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போவது கலையல்ல. அதை உடைக்கத் துடிக்கும் ஒரு மனத்தைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். 1968-ல் வந்த ‘எ பிரைவேட் லிட்டில் வார்’ என்ற கதையில் அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு கிரகத்தில் மலைவாசிகள் ஒரு புறம், கிராமத்தார் ஒரு புறம். எதிரி வல்லரசு கிராமத்தாருக்குத் துப்பாக்கி கொடுத்துவிட்டது. மலைவாசிகளின் தலைவன் கப்பல் தலைவனுக்குப் பழைய நண்பன். இனி என்ன செய்வது? கடைசியில் கப்பல் தலைவன் மலைவாசிகளுக்கும் அதே துப்பாக்கியைக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு வெற்றிக் களிப்பில்லாமல் ஊர் திரும்புகிறான். அமெரிக்கா அப்போது வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில், அந்த நாட்டிலேயே, இந்த முடிவை இப்படிக் கசப்போடு விட்டதற்குத் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது கதை 1989-ல் வந்த ‘ஹூ வாட்சஸ் தி வாட்சர்ஸ்’. மலைச்சரிவில் ஒளிந்துகொண்டு ஒரு எளிய சமூகத்தைச் சில ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கிறார்கள். ஒளிவிடம் வெளிப்பட்டுவிடுகிறது. அடிபட்ட உள்ளூர் மனிதன் ஒருவனைக் கப்பலுக்குக் கொண்டுபோய்க் குணப்படுத்துகிறார்கள். அவன் திரும்பி வந்து, கப்பல் தலைவனைக் கடவுள் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான். தான் சாகப் பிறந்த மனிதன்தான் என்று நிரூபிக்க அந்தத் தலைவன் ஒரு அம்பைத் தன் உடலில் வாங்க வேண்டியதாகிறது. உதவி செய்தவன் தெய்வமாகிவிடும் ஆபத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதையை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாவது கதையில்தான் எனக்கும் என் பேத்திக்கும் சண்டை. அதுவும் 1989-ல் வந்தது. பெயர் ‘பென் பால்ஸ்’. அழிந்துகொண்டிருக்கும் ஒரு கிரகத்திலிருந்து ஒரு சிறுமி, அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று வானொலியில் கேட்கிறாள். கப்பலில் இருக்கும் எந்திர மனிதன் பதில் சொல்லிவிடுகிறான். அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தத்துவம் பேசுகிறார்கள்: விதியா, இரக்கமா? அந்தச் சமயத்தில் அவள் குரலே அறைக்குள் ஒலிக்கிறது. அந்தக் குரலைக் கேட்டபின் தலைவனால் விதியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கிரகம் காப்பாற்றப்படுகிறது. இதுவரை அருமை. பிறகு என்ன செய்கிறார்கள் தெரியுமா? கப்பலைப் பார்த்துவிட்ட அந்தச் சிறுமியின் நினைவை மருத்துவர் அழித்துவிடுகிறார். தூங்குகிற குழந்தையை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எந்திர மனிதன் மட்டும் ஒரு பாடும் கல்லை அவள் கையில் வைத்துவிட்டு வருகிறான்.

“பாவம், வேற வழியில்ல தாத்தா” என்றாள் பேத்தி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கிரகத்தைக் காப்பாற்றியது தலையீடு என்றால், ஒரு குழந்தையின் மூளைக்குள் கைவிட்டு அவளுடைய ஒரே நண்பனைத் துடைத்து எடுத்தது எது? அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கள் விதியின் தூய்மையைக் காப்பாற்றிக்கொள்ள அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கதாசிரியர் இதைக் குற்றமாகக் கருதியதாகவே தெரியவில்லை. அங்கேதான் இந்தத் தொடரின் பலவீனம் இருக்கிறது என்பது என் கருத்து. விவாதம் எல்லாம் கப்பலின் மேல்தளத்தில் நடக்கிறது. கீழே இருப்பவர்கள் அந்த விவாதத்துக்குப் பொருள் மட்டுமே, பங்காளிகள் அல்லர்.

இன்னொரு குறையும் உண்டு. ஓர் இனம் வளர்ந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒளியை முந்திச் செல்லும் கப்பலை வைத்து. 1996-ல் வந்த ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ திரைப்படத்தில், 2063-ல் ஒரு மனிதன் அப்படிப்பட்ட கப்பலை ஓட்டிக் காட்டுகிறான். உடனே வல்கன் இனத்தார் இறங்கி வந்து கைகொடுக்கிறார்கள். உலகப் போரில் நொறுங்கிக் கிடக்கும் பூமி அதற்கு முந்தின நாள் வரை அவர்கள் கண்ணில் படவில்லை. எந்திரம் வந்தது, மரியாதையும் வந்தது!

கல்லுப்பட்டியில் இருந்துகொண்டு இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1940-ல் கோ. வேங்கடாசலபதி இங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தொடங்கினார். ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். 1960 ஜனவரி 30-ல் காலமானார். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் பொருளாதாரம் படித்த மனிதர் அவர். சிறையில் இருந்தபோது எழுதி 1945-ல் வெளியான அவருடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் வேறோர் அளவுகோல் இருக்கிறது. மாந்தோப்பில் புகுந்த குரங்கு, பூவிலிருந்து தேன் எடுக்கும்போதே அதைக் காய்க்கவும் வைக்கும் தேனீ, பலன் கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என்று படிப்படியாக வரிசை வைக்கிறார். எடுப்பதைவிட எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறது என்பதே அங்கே கேள்வி. இந்தக் கோலால் அளந்தால், விண்கப்பல் விடும் எத்தனை இனங்கள் குரங்கின் படியைத் தாண்டும்?

குமரப்பாவும் எங்கள் ஊருக்கு வெளியே இருந்து வந்தவர்தான். ஆனால் மலைச்சரிவில் ஒளிந்து நின்று பார்க்கவில்லை. வானத்திலிருந்து தெய்வமாக இறங்கவும் இல்லை. குடியிருக்க வந்தார். இந்த மூன்றாவது வழி அந்தக் கூட்டமைப்பின் சட்டப் புத்தகத்தில் இல்லை.

அப்படியானால் எல்லா இடத்துக்கும் குடியேறப் போய்விடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. நம் அந்தமானிலேயே வடக்கு சென்டினல் தீவு இருக்கிறது. 1880-ல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அங்கிருந்து ஆறு பேரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். நோயில் பெரியவர்கள் இருவர் இறந்தார்கள். குழந்தைகள் நால்வரைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார். தலையீட்டின் கணக்கு அது. 1956-ல் ஆதிவாசிகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது. 1991-ல் தீவு மக்கள் படகிலிருந்து தேங்காயைக் கையால் வாங்கிக்கொண்டார்கள். பின்னர் அந்தப் பயணங்களையும் அரசு நிறுத்திவிட்டது. 2004-ல் கடல்கோளுக்குப் பிறகு நலம் பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி ஒருவன் அம்பை ஓங்கினான். அந்த அம்பை நான் ஒரு வாக்கியமாகவே படிக்கிறேன். அங்கே தலையிடாமை சரி. நாம் வகுத்த விதி உயர்ந்தது என்பதற்காக அல்ல. அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்பதற்காக. அந்தச் சிறுமியோ வா என்று கூப்பிட்டாள். இரண்டுக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

இவ்வளவு கண்டிப்பாகப் பேச எனக்கு உரிமை உண்டா என்று எழுதும்போதே ஒரு சங்கடம். பல வருஷங்களுக்கு முன், கிணறெல்லாம் வற்றிப்போன ஒரு கோடையில், அடுத்த தெருவில் ஒரு குடும்பம் மாட்டை விற்று, பாத்திரத்தை விற்று, கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிப் போயிற்று. நான் திண்ணையில் உட்கார்ந்து அத்தனையும் பார்த்தேன். நாவலாக எழுதினேன். ஒட்டாமல் நின்று எழுதியிருக்கிறேன் என்று பலர் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒருமுறை அந்த வீட்டு அம்மாள் ஊருக்கு வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகன் படித்துக் காட்டியிருக்கிறான். என்னைப் பார்த்துக் கோபமில்லாமல்தான் சொன்னார்:

“எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானப்பா இருந்திருக்க. அன்னைக்கு வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?”

எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை. எட்ட நின்று பார்ப்பது ஓர் ஒழுக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பேத்தி கேட்ட தீர்ப்பை அவள் ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் சொன்னேன். சட்டம் நல்ல சட்டம். வல்லவனை நம்பக் கூடாது என்று தெரிந்த யாரோ எழுதியது. ஆனால் அதை எழுதியவர்கள் எல்லோரும் கப்பலில் இருந்தவர்கள். கீழே இருப்பவர்கள் வேண்டும் என்றார்களா, வேண்டாம் என்றார்களா என்று கேட்கும் ஒரு வரியை அதில் சேர்க்க வேண்டும்.

“அப்போ அந்தப் பொண்ணுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருந்தா, கதை எப்படி தாத்தா போகும்?” என்றாள்.

அதுதான் நான் படிக்க விரும்புகிற கதை என்றேன். கையில் அந்தக் கல்லோடு அவள் வளர்ந்து பெரியவளாகி, இரவில் வானத்தைப் பார்த்து, வந்தவர்களைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லுகிற கதை. அதை யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.