வைக்கோல் கட்டும் கருவி: முதலில் கிளட்சைப் பாருங்கள்

தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்தது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலத்தில், பெல்ட் அறுவடை வண்டி போன வழியெல்லாம் வைக்கோல் பட்டை பட்டையாகக் கிடந்தது. அறுப்புக்கு எட்டு நாள் முன்பு தெளித்த உளுந்து அந்தப் பட்டைகளுக்கு அடியில் முளைவிட்டிருந்தது. வைக்கோல் காயாமல் கட்ட முடியாது. காயட்டும் என்று விட்டால் அடியில் இருக்கும் உளுந்து வெளிறிப்போகும். கையில் இருப்பது மூன்று நாள். வயலைக் காலி செய்ய டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டுவது?

எதெல்லாம் வேண்டாம்

நெருப்பு வைப்பது பேச்சுக்கே இல்லை. ரோட்டவேட்டரும் மல்ச்சரும் உளுந்து தெளிக்காத வயலுக்கு ஆகும். அங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. வைக்கோலில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மண்ணில் மடக்கினால், மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும். உடனே நடும் பயிர் மஞ்சளாக நிற்கும். சில வாரம் ஆறப்போட நேரமிருந்தால் மடக்கலாம். எங்களுக்கு நேரமில்லை.

மிச்சம் இருப்பது கட்டும் கருவி. அதில் இரண்டு வகை. சதுரக்கட்டு போடுவது நிற்காமல் ஓடிக்கொண்டே கட்டும். கட்டும் இறுக்கமாக வரும், லாரியில் அடுக்க வசதி. ஆனால் கனமான டிராக்டர் வேண்டும், விலை அதிகம், முடிச்சுப் போடும் பகுதி நுணுக்கமானது. ஒரு மா, இரண்டு மா என்று வரப்பு கட்டிய வயலில் திருப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதனால் சிறிய உருளைக்கட்டு கருவியை வாடகைக்கு எடுத்தோம்.

வயலில்

மூன்று புள்ளி இணைப்பில் மாட்டிக்கொள்ளலாம்; டிராக்டரிலிருந்து கருவியைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று ஓடினால் போதும். முன்னால் இருக்கும் கம்பிப்பற்கள் வைக்கோலை அள்ளி உள்ளே தள்ளும். உள்ளே உருளைகள் அதைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டும். அறை நிறைந்ததும் மணி அடிக்கும். வண்டியை நிறுத்தினால் கயிறு சுற்றிக்கொள்ளும், பின்கதவு திறந்து கட்டு வெளியே உருளும்.

மாசிப் பனி கருவிக்கு ஆகாது. முதல் நாள் காலை எட்டு மணிக்கே இறங்கினோம். பனியில் நனைந்த வைக்கோல் உருளைகளில் சுற்றிக்கொண்டது. பத்தரை மணிக்கு மேல் அதே வயலில் தடங்கல் இல்லை. ஈரத்தோடு கட்டினால் கட்டு உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள்: நொறுங்கினால் கட்டலாம், துவண்டால் பொறுத்திருங்கள்.

அள்ளும் வாயின் அகலம் மூன்றடிக்குள்தான். வைக்கோல் அதைவிட அகலமாகச் சிதறியிருந்ததால், முந்தின நாளே ஆள் விட்டு வாரி ஒதுக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு லாபமும் கிடைத்தது. வைக்கோல் புரண்டு சீக்கிரம் காய்ந்தது, உளுந்துக்கும் வெளிச்சம் விழுந்தது. முளையை மேலும் மிதிக்காமலிருக்க, முடிந்தவரை பெல்ட் தடத்திலேயே சக்கரத்தை ஓட்டினோம். கம்பிப்பற்களைத் தரையிலிருந்து மூன்று விரல் தூக்கி வைத்தோம். மண் கலந்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

இரண்டு ஏக்கருக்கு 95 கட்டு. தராசில் வைத்தவை 20 முதல் 24 கிலோ. ஏக்கருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

உண்மையான சோதனை

முதல் ஏக்கரை 39 ஹெச்.பி. டிராக்டரில் ஓட்டினோம். இழுக்கும் வலு போதுமானதாகவே இருந்தது. ஆனால் அது ஒற்றைக் கிளட்ச் வண்டி. கனத்த குவியல் வாயில் வந்ததும் கிளட்சை மிதித்தால் வண்டியோடு பி.டி.ஓ.வும் நின்றுவிடும். குவியல் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். என்ஜினை அணைத்து, இறங்கி, கையால் பிடுங்க வேண்டும். முதல் ஏக்கரில் ஒன்பது முறை இறங்கினோம்.

இரண்டாவது ஏக்கருக்கு மைத்துனரின் இரட்டைக் கிளட்ச் வண்டி வந்தது. பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், கருவி சுற்றிக்கொண்டே இருக்கும். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு அடுத்ததைக் கேட்கும். இறங்கியது ஒரே முறை. அதே கருவி, அதே வைக்கோல். கடையில் எல்லோரும் ஹெச்.பி. எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். கிளட்ச் என்னவென்று கேட்டவர்களைப் பார்த்ததில்லை.

குறைகள்

ஒவ்வொரு கட்டுக்கும் நிற்பது அலுப்பு. கருவியோடு வந்தது நைலான் கயிறு. மாடு தின்றால் வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்து. சணல் கயிற்றுக்கு மாற்றினோம். அது இடையிடையே அறுந்தாலும் மனம் நிம்மதி.

கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் இருக்கிறது. ஏக்கருக்கு ஒரு டன் கட்டி விற்றால், அரை மூட்டைக்குக் குறையாத பொட்டாஷ் வைக்கோலோடு லாரி ஏறுகிறது என்று அர்த்தம். கட்டு விற்ற காசில் அதற்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

யாருக்கு?

ஆறு மாவுக்காக இதை வாங்குவது வீண்; வாடகையே போதும். இரட்டைக் கிளட்ச் டிராக்டர் இருந்து, ஊரில் நாலைந்து வேலி நிலம் சுற்றிக் கட்டிக்கொடுக்க முடிந்தால் வாங்கலாம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. அதற்கு உச்சவரம்பும் உண்டு, வேளாண் பொறியியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். குறுவை வைக்கோலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஐப்பசி மழையில் நனைந்த வயலில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். பட்டை கிடந்த இடத்தில் உளுந்து வெளிறித்தான் இருந்தது. ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிட்டது. ஒன்பது முறை இறங்கிய ஏக்கரில், வண்டி நின்று நின்று மிதித்த இடங்கள் மட்டும் இன்னும் சொட்டையாகவே இருக்கின்றன.